எலுமிச்சைக் கொட்டையில் ஆயில் இன்ஜின் ஓடுமா?

வாசகர் கேள்வி, 1 ஜூன் 2024

புளியங்குடி பக்கம் சின்னதா ஒரு யூனிட் வச்சிருக்கேன். எலுமிச்சை பிழிஞ்சு சாறை மட்டும் கேன்ல அடைச்சு அனுப்புறோம். கொட்டையும் சக்கையும் மலையா சேருது, அள்ளிப் போடக் கூலி நான்தான் கொடுக்கேன். பழக்கொட்டையில பயோடீசல் எடுக்கலாம்னு சொல்றாங்க. மாங்கொட்டையும் எங்க பக்கம் வேணும்கிற மட்டும் கிடைக்கும். நடக்குற காரியமா, இல்ல கோட்டித்தனமா?

1 ஜூன் 2024, இரவு

நடக்கும். நானே செஞ்சிருக்கேன். கோட்டித்தனமும்தான்.

எண்ணெய் எதுவானாலும் கணக்கு ஒண்ணுதான். எண்ணெயோட மெத்தனாலும் கொஞ்சம் காஸ்டிக் சோடாவும் சேர்த்து 60 டிகிரிக்குப் பக்கத்துல வச்சு ஒரு மணி நேரம் கலக்கினா, கெட்டியான எண்ணெய் உடைஞ்சு மெல்லிசான எஸ்டர் ஆகும். கிளிசரின் தனியா அடியில இறங்கும். மேல நிக்கிறதுதான் பயோடீசல். லிட்டருக்கு 200 மில்லி மெத்தனால். எழுதிப் பார்த்தா ரசம் வைக்கிறதைவிட எளுப்பம்.

மாங்கொட்டையில 10 சதவீதம் எண்ணெய் இருக்கு. ஒரு டன் கொட்டை சேர்த்தா 100 கிலோ எண்ணெய். யோசிச்சுப் பாருங்க.

3 ஜூன் 2024

மேல எழுதின 100 கிலோ தப்பு. தூக்கம் வராம ராத்திரி 12 மணிக்கு எழுதினா இப்படித்தான்.

அந்த 10 சதவீதம் கொட்டைக்கு இல்ல. கொட்டைக்குள்ள இருக்கிற பருப்புக்கு, அதுவும் நல்லாக் காய்ஞ்ச பருப்புக்கு. ஈரக்கொட்டை ஒரு டன்னுல ஓடு, நார் போக பருப்பு பாதின்னு வைங்க, 500 கிலோ. அதுல பாதி தண்ணி. காய்ஞ்சா 250. அதுல 10 சதவீதம்னா 25 கிலோ. அந்த 10 சதவீதம், மா வகையைப் பொறுத்து 7 சதவீதமும் வரும், 12-ம் வரும்.

அந்த 25-ம் செக்குல வராது. எப்படித் தெரியும்னா 2012-ல நான் பட்டது.

அந்த வருசம் கரண்டு இருந்த நேரத்தைத்தான் எண்ணினோம், போன நேரத்தை இல்ல. இலவச மின்சாரம்னு பேரு, வயர்ல மின்சாரம் இருக்கணுமே. அப்பா காலத்து ஒத்தை சிலிண்டர் இன்ஜின் ஒண்ணு கிணத்துமேட்டுல சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது. லிஸ்டர் மாதிரி, பெரிய சக்கரம், பைய சுத்துற ரகம், 5 குதிரை. மணிக்கு ஒரு லிட்டர் குடிக்கும். எனக்குத் தொழிலே ஆயில் இன்ஜின் ரிப்பேர், அதனால அதை எழுப்புறது பெருசில்ல. டீசல்தான் பெருசு.

அப்பதான் மாங்கொட்டை யோசனை வந்தது. வைகாசி, ஆனி ரெண்டு மாசமும் ஜூஸ் கடை, கல்யாண மண்டபம்னு சொல்லி வச்சு கொட்டை சேர்த்தேன். 200 கிலோ. ரெண்டாம் நாளே ஈ. நாலாம் நாள் பக்கத்து வீட்டு மைனி மூக்கைப் பொத்திக்கிட்டு வந்து நின்னாங்க. வெயில்ல பரப்பி, ஓட்டை அரிவாளால பிளந்து, பருப்பு எடுக்க ரெண்டு பொம்பளையாளுக்கு நாலு நாள் கூலி. பாதிக் கொட்டைக்குள்ள வண்டு குடியிருந்தது. என் இடது கட்டைவிரல்ல தழும்பு இன்னும் இருக்கு.

காய்ஞ்ச பருப்பைச் செக்குக்குக் கொண்டு போனேன். செக்குக்காரர் அரை மணி நேரம் ஓட்டினார். மாவு வந்தது. இன்னும் அரை மணி நேரம். சூடான மாவு வந்தது. "எள்ளுன்னா கருப்பட்டி போட்டா எண்ணெய் பிரியும். இதுக்கு என்னத்தப் போட, அண்ணாச்சி?"ன்னார். பத்து சதவீதம் கொழுப்பு இருக்கிற சரக்கைச் செக்கோ எக்ஸ்பெல்லரோ பிழிஞ்சா, பிண்ணாக்கே அவ்வளவையும் குடிச்சிட்டு உக்காந்துக்கும். அதை எடுக்க ஹெக்சேன் ஊத்திக் கரைச்சு எடுக்கிற ஆலை வேணும்.

4 ஜூன் 2024

ஒருத்தர் கேட்டிருக்கார்: அப்ப மாங்கொட்டைக் கொழுப்பை யாருமே எடுக்கலையான்னு. எடுக்காங்க, டீசலுக்கு இல்ல. அது கோகோ வெண்ணெய்க்கு ஒட்டின சாதி. ஐரோப்பாவுல சாக்லேட்டுக்குள்ள கோகோ வெண்ணெய் இல்லாம வேற கொழுப்பு 5 சதவீதம் வரைக்கும் சேர்க்கலாம்னு சட்டம். ஆறே ஆறு கொழுப்புக்குத்தான் அனுமதி. அதுல மாங்கொட்டையும் ஒண்ணு. சாக்லேட்டுக்குப் போற சாமானை நான் கிணத்துமேட்டுல எரிக்கப் பார்த்திருக்கேன்.

7 ஜூன் 2024

கேள்வி கேட்டவர் எலுமிச்சைக்கு வாங்கன்னு சொல்றார். சரி.

நேத்து சாயங்காலம் 100 பழம் வாங்கிப் பிழிஞ்சேன். (சாறு முழுக்க சர்பத்தாப் போச்சு, தெருவே குடிச்சது.) கொட்டை ஈரத்தோட 90 கிராம். இன்னைக்கு மொட்டைமாடி வெயில்ல காய்ஞ்சு 45 கிராம். எலுமிச்சை வகைக் கொட்டையில, காய்ஞ்சதுல மூணுல ஒரு பங்கு எண்ணெய். இது மாங்கொட்டை மாதிரி இல்ல, உண்மையிலேயே எண்ணெய் வித்துதான். மூணுல ஒண்ணுன்னா 15 கிராம். ஒரு லிட்டர் எண்ணெய் 900 கிராம் சொச்சம். அப்ப ஒரு லிட்டருக்கு 6000 பழம்.

நம்ம ஊர்ல புது வண்டி எடுத்தா நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சை வச்சு நசுக்கிட்டுத்தான் கிளப்புவோம். டீசல் வண்டிக்கு எலுமிச்சை அவ்வளவு போதும். 6000 பழம் நசுக்கினா பேய் மட்டுமில்ல, கடன்காரனும் அண்ட மாட்டான்.

9 ஜூன் 2024

செய்முறை எழுதுங்கன்னு நாலு பேர். எனக்கு அது நடந்த விதத்தைச் சொல்றேன், அதுலயே செய்முறை இருக்கு.

மைத்துனர் அப்ப ஒரு பாலிடெக்னிக் லேபில் இருந்தார். எல்லாமே அங்க வச்சுதான், வீட்டுல இல்ல. முதல்ல கை பழகக் கடையில வாங்கின கடலை எண்ணெய் ரெண்டு லிட்டர். முதல் தடவையே பிரிஞ்சது, மேல தேன் கலர், கீழ கருப்பட்டிப் பாகு கலர். இன்ஜின்ல ஊத்தினோம், ஓடிச்சு. புகையில வடை சுடுற வாசம். கிணத்துமேட்டுல நின்ன எல்லாருக்கும் பசிச்சிட்டு. கடலை எண்ணெயை வடை சுடாம இன்ஜினுக்கு ஊத்தினேன்னு எங்க அம்மா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசலை. 1900-ல பாரிஸ் கண்காட்சியில டீசல் என்கிறவரே தன்னோட இன்ஜினைக் கடலை எண்ணெயிலதான் ஓட்டிக் காட்டினார்னு சொல்லிப் பார்த்தேன். அவருக்கு அம்மா இல்லையான்னு கேட்டாங்க.

அடுத்தது வேப்பெண்ணெய், அஞ்சு லிட்டர். இங்கதான் சறுக்கினேன். பழைய எண்ணெயில, ஈரம் பட்ட வித்துல ஆட்டின எண்ணெயில, அமிலம் தனியாப் பிரிஞ்சு கிடக்கும். காஸ்டிக் சோடா முதல்ல அந்த அமிலத்தைப் பிடிச்சுச் சோப்பு ஆக்கும், மிச்சம் இருந்தாத்தான் டீசல் வேலை. அதனால முதல்ல அமிலத்தை அளக்கணும். ஒரு லிட்டர் தண்ணியில ஒரு கிராம் காஸ்டிக். அதைச் சொட்டுச் சொட்டா, ஒரு மில்லி எண்ணெயும் பத்து மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் கலந்ததுல விடணும். நிறம் மாறுற வரைக்கும் எத்தனை மில்லி போச்சோ, லிட்டருக்கு அத்தனை கிராம் காஸ்டிக் கூடுதலா வேணும். அடிப்படை அளவு 3.5 கிராம்.

எனக்கு 9 மில்லி போச்சு. 3.5-ம் 9-ம் 12.5. அஞ்சு லிட்டருக்கு 62 கிராம். கணக்கு சரி, புத்திதான் சரியில்ல. அவ்வளவு அமிலம் இருந்தா காஸ்டிக்கைக் கூட்டக் கூடாது, வேற வழிக்குப் போகணும். நான் கூட்டினேன். அரை மணி நேரத்துல கலக்குற கம்பி நின்னு போச்சு. அஞ்சு லிட்டரும் பச்சையும் மஞ்சளுமா அல்வா மாதிரி. மைத்துனர் எட்டிப் பார்த்துட்டு, "இருட்டுக்கடையில கொடுத்தா வாங்குவாங்களா அத்தான்?"ன்னார்.

மெத்தனால் முழுக்க ஆவியாகுற வரைக்கும் லேபில் காய்ச்சி, பிறகு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஆறு மாசம் அந்தச் சோப்புலதான் தொழுவம் கழுவினோம். மாட்டுக்கு உண்ணி வரலை.

10 ஜூன் 2024

ஒரு திருத்தம். பாரிஸ் கண்காட்சியில ஓட்டினது டீசல்ங்கிற அந்த மனுசன் இல்ல, ஓட்டோன்னு ஒரு இன்ஜின் கம்பெனிக்காரங்க. பிரெஞ்சு அரசாங்கம் கேட்டுக்கிட்டதால கடலை எண்ணெயில ஓட்டினாங்கன்னு டீசலே பின்னாடி சொல்லியிருக்கார். சுட்டிக்காட்டினவருக்கு நன்றி. அம்மாகிட்டயும் சொல்லிட்டேன். அவங்க ஞாபகம் வச்சிருக்காங்க, அது வேற விசயம்.

12 ஜூன் 2024

நிறம் மாற பினாப்தலீன் வேணுமான்னு கேள்வி. லேபில் அதுதான். அது இல்லாத அன்னைக்கு மஞ்சள்தூள் போட்டோம். காரம் ஏறினதும் மஞ்சள் சிவக்கும். மஞ்சத்தண்ணியில சுண்ணாம்பு போட்டு ஆரத்தி கரைக்கிற வீட்டுல இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்ல. மைத்துனர் பீக்கரை என் முகத்துக்கு நேரே மூணு சுத்து சுத்தினார்.

15 ஜூன் 2024

புளியங்கொட்டைல எடுக்கலாமான்னு ஒருத்தர். அதுல எண்ணெய் கொஞ்சம்தான், பெரும்பகுதி பசை. அந்தப் பசைக்குத்தான் நூலுக்குக் கஞ்சி போடுற ஆலைக்காரங்க காலங்காலமா வாங்குறாங்க. நீங்க பல்லாங்குழிக்கு வச்சுக்கிடுங்க.

பனங்கொட்டை கேட்டவருக்கு: கிழங்கு வேண்டாமா வே?

பப்பாளி விதை தேவலாம். காய்ஞ்ச விதையில கால்பங்குக்கு மேல எண்ணெய், அதுவும் ஆலிவ் எண்ணெய் சாயல். ஆனா யார் சேர்க்க?

இந்த "யார் சேர்க்க"தான் எனக்கு எல்லாத்துலயும் வந்து இடிக்குது. ஆடு மேய்க்கிற காலத்துல நாங்க வேப்பமுத்து பொறுக்கியிருக்கோம். ஆனி, ஆடியில விடியக்காலம் மரத்தடியில போனா காக்காயும் வெளவாலும் சதையைத் தின்னுட்டுக் கொட்டையைச் சுத்தமாப் போட்டிருக்கும். கழுவுற வேலைகூட மிச்சம். மளிகைக்கடையில எடைக்குப் போட்டு, கிடைச்ச காசுக்குச் சேமியா ஐஸ். அன்னைக்கு எங்க கூலி ஒரு ஐஸ். இன்னைக்கு எந்தப் பிள்ளை ஐஸுக்கு வேப்பமுத்து பொறுக்கும்? பொறுக்கவும் வேண்டாம், பள்ளிக்கூடம் போகட்டும். ஆனா 'கொட்டை சும்மா கிடைக்கு'ன்னு எழுதுறவங்க கணக்குல அந்தப் பிள்ளையோட கூலி ஒரு வரியிலும் வராது.

காட்டாமணக்குக் கதையும் இதேதான். 2003 வாக்குல தேசிய அளவுல பெருசாப் பேசினாங்க. தரிசுல தானா வளரும், தண்ணி வேண்டாம், ஆடு கடிக்காது. எங்க சித்தப்பா மூணு ஏக்கர் வச்சார். தானா வளர்ந்தது நிசம். ஆடு கடிக்கலை, அதுவும் நிசம். தண்ணி விடாத செடி காய்க்கவும் இல்ல.

28 ஜூன் 2024

ரெண்டு வாரம் எழுதலை. கள்ளக்குறிச்சிச் சேதி வந்த பிறகு இந்த இழையைத் திறக்கவே மனசு வரலை. 60 பேருக்கு மேல செத்துட்டாங்க. சாராயத்துல கலந்திருந்தது நான் மேல லிட்டருக்கு 200 மில்லின்னு சாதாரணமா எழுதின அதே மெத்தனால்தான்.

ரசத்தைவிட எளுப்பம்னு எழுதினதைத் திரும்பப் பெறுறேன். மெத்தனால் நிறமில்லாத தண்ணி மாதிரி இருக்கும், வாசத்துல குடிக்கிற சாராயம் மாதிரி. கொஞ்சம் உள்ள போனாலே கண்ணு போகும், அதுக்கு மேல உயிர். ஆவியை மூச்சுல இழுத்தாலும் தோல்ல பட்டாலும் உடம்புக்குள்ள போகும். 65 டிகிரியில கொதிக்கும், நாம 60-ல வச்சுக் கலக்குறோம். வெயில்ல தீ எரிஞ்சா கண்ணுக்கே தெரியாது. வாங்கவும் வைக்கவும் உரிமம் வேணும். தனிச்செய்தியில "எங்க அண்ணாச்சி கிடைக்கும்"னு கேட்ட மூணு பேருக்கும் ஒரே பதில்: சொல்ல மாட்டேன். உரிமம் இருக்கிற லேப் தெரிஞ்சா அங்க வச்சுச் செய்யுங்க. இல்லைன்னா எண்ணெயோட நிறுத்திக்கிடுங்க.

6 ஜூலை 2024

எண்ணெயோட நிறுத்துறதுன்னா? எண்ணெயை அப்படியே இன்ஜினுக்கு ஊத்துறது. புன்னை எண்ணெயில நான் அப்படித்தான் ஓட்டினேன்.

உவரி பக்கம் சம்பந்தகாரங்க வீட்டுல ரெண்டு பெரிய புன்னை. புன்னைப் பருப்புல பாதிக்கு மேல எண்ணெய், 60, 70 சதவீதம்கூட வரும். மாங்கொட்டையை அழுத்தி ஏமாந்த செக்குக்காரர் இதைப் போட்டதும் எழுந்து நின்னுட்டார். கரும்பச்சையா, கொழகொழன்னு எண்ணெய். அந்தக் காலத்துல விளக்குக்கும் வள்ளத்துக்கும் இதைத்தான் பூசினாங்க. அமிலம் அதிகம், அதனால ஒரே தடவையில டீசலாக மாத்த முடியாது. முதல்ல கந்தக அமிலமும் மெத்தனாலும் போட்டு அமிலத்தைக் குறைச்சிட்டு, அப்புறம் காஸ்டிக். வேப்பெண்ணெய்ல நான் போயிருக்க வேண்டிய 'வேற வழி' அதுதான்.

நேரா ஊத்துறதுல இருக்கிற சங்கடம் கெட்டித்தன்மை. டீசலைவிடப் பத்து மடங்கு கெட்டி. நாசில்ல மூடுபனி மாதிரித் தெறிக்க வேண்டியது நீர்க்கடுப்பு வந்தவன் மாதிரி ஒழுகும். அதனால டீசல்ல கிளப்பி, இன்ஜின் சூடான பிறகு எண்ணெய்க்கு மாத்தி, நிறுத்துறதுக்குப் பத்து நிமிசம் முன்னாடி திரும்ப டீசலுக்கு வரணும். எண்ணெய்க் குழாயை சைலன்சர் மேல ரெண்டு சுத்து சுத்தி விட்டேன், போகிற வழியிலேயே சூடாகட்டும்னு. பைய சுத்துற பழைய இன்ஜின் இதைத் தாங்கும். இப்ப வர்ற காமன் ரெயில் (எலக்ட்ரானிக் இன்ஜெக்டர் வச்ச) டீசல் வண்டியில மட்டும் ஊத்திராதீங்க, இன்ஜெக்டர் விலைக்கு ஒரு பசுமாடு வாங்கலாம்.

நாப்பது மணி நேரம் ஓட்டின பிறகு ஹெட்டைக் கழத்திப் பார்த்தேன். நாசில் நுனியில தோசைக்கல்லு கரி மாதிரி. பிஸ்டன் ரிங் ஒண்ணு அசையாம பிடிச்சிருந்தது. எனக்கு ரிப்பேர் தொழில், சும்மா செஞ்சுக்கிட்டேன். உங்களுக்கு அது செலவு.

7 ஜூலை 2024

எழுத மறந்தது. நல்ல பயோடீசலுக்கும் ஒரு குணம் உண்டு: பழைய டேங்குல பத்து வருசமா ஒட்டியிருந்த கசடையெல்லாம் கரைச்சுக் கொண்டுவந்து ஃபில்டரை அடைக்கும். ரப்பர் டியூப் ஊதிப்போகும். மாத்துறதா இருந்தா முதல் டேங்குக்கு ரெண்டு ஃபில்டர் கையில வச்சுக்கிடுங்க.

19 ஆகஸ்ட் 2024

வேற பேச்சு. செங்கோட்டை போற ரோட்டுல சிப்ஸ் கடையில நின்னப்ப, பழைய எண்ணெயை என்ன செய்றீங்கன்னு கேட்டேன். பின்வாசல் வழியா ஒருத்தர் வந்து வாங்கிட்டுப் போறாராம். எங்க போகுதுன்னு கேட்டதுக்கு, "எண்ணெய்தான அண்ணாச்சி, எங்கயாவது சுடுவாங்க"ன்னார். திரும்பத் திரும்பச் சுட்ட எண்ணெயைச் சேர்த்து பயோடீசலுக்கு அனுப்பணும்னு 2018-லயே உணவுப் பாதுகாப்பு ஆணையம் திட்டம் போட்டாச்சு. அந்த எண்ணெயை உடைக்க வேண்டாம், காயவைக்க வேண்டாம், ஆட்ட வேண்டாம், ஒரே இடத்துல டின்ல நிக்கு. நான் கொட்டை கொட்டைன்னு அலைஞ்சிருக்கேன்.

20 ஆகஸ்ட் 2024

நேத்து எழுதிட்டுப் படுத்தவனுக்குத் தூக்கம் வரலை. 'ஒரே இடத்துல நிக்கு.' கேள்வி கேட்டவரோட எலுமிச்சைக் கொட்டையும் அப்படித்தானே? 6000 பழம்னு நான் கேலி பண்ணினேன். நான் 100 பழம் காசு கொடுத்து வாங்கிப் பிழிஞ்சேன், எனக்கு அது 6000 பழத்து விலை. அவருக்கு எப்படியும் பிழிஞ்சாகணும். கொட்டை அவர் வாசல்ல கிடக்கு, அள்ளிப் போடக் கூலி வேற கொடுக்கார். மாங்கொட்டையில என்னை முறிச்ச ரெண்டு செலவு, சேர்க்கிறதும் உடைக்கிறதும். ரெண்டுமே அவருக்கு இல்ல. மிச்சம் காயவைக்கிறது மட்டும், அதுக்கு நம்ம ஊர் வெயில் எதுக்கு இருக்கு.

அண்ணாச்சி, ஜூன் 7 எழுதினதை மறந்திருங்க. பழ எண்ணிக்கை சரி. கேலிதான் தப்பு.

ஒண்ணே ஒண்ணு: கொட்டையை அன்னன்னைக்கே கழுவி அன்னன்னைக்கே பரப்பணும். சாறு ஒட்டியிருந்தா ஒரே ராத்திரியில புளிச்சுப் பூஞ்சை பிடிக்கும். அப்புறம் எண்ணெயில அமிலம் ஏறி, நீங்களும் தொழுவம் கழுவ வேண்டியதுதான்.

22 டிசம்பர் 2024

மார்கழி. லேபில் கரைச்சு எடுத்த மாங்கொட்டைக் கொழுப்பை அப்ப எஸ்டராக்கி ஒரு சின்ன பாட்டில்ல வச்சிருந்தேன், பன்னெண்டு வருசமா அலமாரியில இருக்கு. இன்னைக்குக் காலையில பேத்தி எடுத்துட்டு வந்து, தேங்காய் எண்ணெய் உறைஞ்சிருக்கு தாத்தா, தலைக்குத் தேய்க்கவான்னு கேட்டா. பிடுங்கி வச்சேன். வெள்ளை வெளேர்னு பாதி உறைஞ்சிருந்தது. மாங்கொட்டையில ஸ்டியரிக் அமிலம் அதிகம், அதோட எஸ்டர் 38 டிகிரிக்குக் கீழ தனியா இருந்தா கட்டியாயிடும். கலவையில இருக்கிறதால பாதிதான் உறைஞ்சது. சித்திரையில ஓடுற வண்டி மார்கழியில நிக்கும். நம்ம ஊர்க் குளிருக்கே இந்தக் கதி.

11 ஜனவரி 2025

கேள்வி கேட்டவர் தனிச்செய்தி அனுப்பியிருக்கார். இந்த இழையில ஆகஸ்டுக்குப் பிறகு அவர் ஒண்ணும் எழுதலை, கோவிச்சுக்கிட்டார்னு நினைச்சேன். கோபம் இல்ல, வேலை. கழுவிக் காயவச்ச கொட்டை 40 கிலோ சாக்குல கட்டி வச்சிருக்காராம். என் கணக்குப்படி கிட்டத்தட்ட 90000 பழம். எக்ஸ்பெல்லர்ல விட்டா பத்து லிட்டர் பக்கம் வரணும், குறையலாம். பயோடீசல் இப்போதைக்கு வேண்டாமாம், மெத்தனால் சமாச்சாரம் படிச்சுட்டு அவர் வீட்டம்மா கையைப் பிடிச்சுட்டாங்க. இலவச கரண்டு கனெக்சனுக்கு எழுதிப் போட்டுட்டுக் காத்திருக்கிற தோட்டம் ஒண்ணு அவருக்கு இருக்கு, அங்க டீசல் பம்பு. என் பழைய இன்ஜினைக் கேட்கார், சைலன்சர்ல சுத்தின குழாயோட.

பொங்கல் கழிஞ்சு சனிக்கிழமை போறேன். செக்குக்காரர்கிட்டயும் சொல்லியாச்சு. கருப்பட்டி கொண்டு வரவான்னு கேட்டார். காப்பிக்குக் கொண்டு வாங்கன்னேன்.